நாகம்மைக்கு எத்தனை மருமகன்கள்

தான் எழுதிய அவியல் கட்டுரை மறுபடியும் தன் வாட்ஸ்அப்புக்கே வந்ததைப் பார்த்து சுயம்புராஜுக்குக் காபி இறங்கவில்லை. இந்தத் தடவை அடியில் 'முனைவர் வைகுண்டராஜன், நாஞ்சில் பண்பாட்டுக் காவலர்' என்றிருந்தது. பக்கத்தில் பொன்னாடையோடு காவலரின் படம். அனுப்பியவர், பூதப்பாண்டியில் இவருடைய பெயின்ட் கடைக்கு எதிரே செருப்புக்கடை வைத்திருக்கும் ஐயப்பன். 'படியும், அறிவு வளரும்' என்று ஒரு வரி வேறு.

கட்டுரை முதலில் வந்த இணையதளம் எப்போதோ மூடிப்போயிற்று. மூலம் பென்டிரைவில் கிடந்தது. மறுபடி வெளியிட்டால் பெயர் நிலைக்கும். ஆனால் பிந்திப் போடுகிறவனைத்தானே ஊர் திருடன் என்னும்? இதையே யோசித்துக்கொண்டு, வெள்ளை கேட்டவருக்குச் சந்தன நிறம் கலந்து கொடுத்தார்.

இன்னொரு பயம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கட்டுரையில் ஒரு பத்தி: 'அவியலுக்குக் காய் விரல் நீளம் இருக்கவேண்டும். யார் விரல் என்று கேட்காதீர்கள். என் மாமியார் நாகம்மையின் விரல். மற்றவர்கள் விரல் எல்லாம் அவர் கண்ணுக்கு ஊனம்.' கட்டுரையைத் தம் பெயரில் போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் இதையும் சேர்த்தே எடுத்தார்கள். அதனால் நாகம்மைக்கு மாவட்டம் முழுக்க மருமகன்கள். இத்தனைக்கும் வைகுண்டராஜன் கல்யாணமே கட்டாதவர்.

"போடவா, வேண்டாமா?" என்று மனைவி அஞ்சுவிடம் கேட்டார்.

"போட்டா அம்மைக்குத் தெரிஞ்சிரும். இப்பம் யாரோ ஒரு நாகம்மைன்னு நெனச்சிட்டு இருக்காவ."

"அப்பம் எனக்குப் பேரு வேண்டாமா?"

"பேரு கடை போர்டுல இருக்குல்லா."

அன்று சாயங்காலம், மறுநாள் நடக்கும் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு ஊர்கூடிக் காய்கறி வெட்டு. மண்டபத்தில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சமையல்காரர் சேனைக்கிழங்கைத் தள்ளிவிட்டு, "நாகம்மை விரல் அளவுக்கு வெட்டுங்க மக்கா" என்றார். எல்லாரும் சரியாக வெட்டினார்கள். அங்கே வந்திருந்த வைகுண்டராஜன் மட்டும் கத்தியைத் தொடாமல், அளவின் தத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

சுயம்புராஜ் கத்தியைக் கீழே வைத்தார். "உம்ம மாமியாருக்கு எந்த ஊரு ஓய்?"

"அது பண்பாட்டு மாமியார்" என்றார் முனைவர். "ஒரு குறியீடு."

"நான் எழுதினது அது."

வட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "எல்லாவனும் இதத்தான சொல்லுதான். நீரு வெண்டைக்காய வெட்டும்."

வீட்டுக்கு வந்த வேகத்தில் கட்டுரையை முகநூலில் போட்டார். போடுமுன் மாமியார் பத்தியை மட்டும் கவனமாக நீக்கினார். பெயரும் கிடைக்கும், வீட்டில் சோறும் கிடைக்கும் என்று கணக்கு. முதல் கருத்து ஐயப்பனிடமிருந்து: 'முனைவர் கட்டுரையத் திருடிட்டீரே. திருடினதுதான் திருடினீரு, நல்ல பத்திய விட்டுட்டீரே.'

காலையில் நாகம்மை போனோடு வந்து எதிரே நின்றார்.

"மாப்பிளே, கட்டுரையில இருந்து என்னய ஏன் எடுத்திட்டிய?"

"உங்களுக்குத் தெரியுமா அத்தே?"

"பூதப்பாண்டியில அவியலுக்கு வெரல் நீட்டி அளக்கிற நாகம்மை வேற எவ இருக்கா? ஊருல கண்டவனெல்லாம் என்னய மாமியான்னு எழுதுதான். பொண்ணக் குடுத்த எடத்துல மட்டும் நான் ஆகாதவளாக்கும்."

அஞ்சு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சுயம்புராஜ் பத்தியைத் திரும்பச் சேர்த்தார். கை நிற்காமல் கீழே ஒரு வரியும் போட்டார்: 'நாகம்மை என் மாமியார். மற்ற மருமகன்கள் கல்யாணப் பத்திரிகையைக் காட்டவும்.'

மத்தியானத்துக்குள் அந்த வரியும் முனைவரின் பக்கத்தில் வந்துவிட்டது. சுயம்புராஜ் சாப்பிடாமல் போனையே வெறித்துக்கொண்டிருந்தார். நாகம்மை அதை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார்.

"ஏட்டி அஞ்சு" என்றார். "இந்த மருமவன ஒருநாளு சாப்பாட்டுக்கு வரச்சொல்லு. காய் அவன் வெட்டட்டும்."