கிருத்திகையன்று யார் தைப்பது?

கூட்டத்தில் இருந்தவர்கள்: முருகர் படத்தின் கீழே முதலாளி ஜெயப்பிரகாஷ். அவருக்கு வலப்பக்கம் உற்பத்தி மேலாளர் மணவாளன், இடப்பக்கம் கணக்கு பார்க்கும் ஸ்ரீதர். மேஜைக் கோடியில் கடிதம் எழுத நான். கதவோரம், மேஜைக்கு எட்டாத பிளாஸ்டிக் நாற்காலியில் எச்.ஆர். தலைவர் ஹேமாவதி.

எங்களுடையது ஆஸ்பத்திரிச் சீருடை தைக்கும் கம்பெனி. கே.ஜி.கண்டிகை ரோட்டில் புது யூனிட் தயாராக இருந்தது. ஆடிக் கிருத்திகையன்று அதைத் திறந்து, அந்த வாரமே முதல் சரக்கை அனுப்புகிறோம் என்று சென்னை வியாபாரிக்கு எழுதவேண்டும். நாள் குறித்தவர் முதலாளி.

"நம்ம முருகர் நாளு. இதைவிட நல்ல நாள் ஏது?"

"முருகர் வருவாரு சார். ஆளுங்க வரமாட்டாங்க" என்றார் ஹேமாவதி.

ஸ்ரீதர் சிரித்தார். "லீவு லெட்டர் பாக்குறது உங்க வேலை மேடம். தேதியை நாங்க பாத்துக்கறோம்."

"சம்பளத்தைப் புடிச்சா ஓடி வருவாங்க" என்றார் மணவாளன்.

"காவடி எடுக்கறவங்ககிட்டயா? போன வருஷம் கிருத்திகைக்கு நீங்க எங்க சார் இருந்தீங்க?"

மணவாளன் தலையைத் தடவிக்கொண்டார். "மலையிலதான். மொட்டை போட்டுகினு இருந்தேன்."

முதலாளியே சிரித்துவிட்டார். ஹேமாவதி சிரிக்கவில்லை. எழுந்து மேஜையருகே வந்தார்.

"பொதட்டூர்பேட்டையிலேர்ந்து புதுசா வர்ற பொண்ணுங்க வீட்டுக்கே போய்ப் பேசிட்டேன் சார். ஆனியிலயே திறங்க. ஆடிக்குள்ள கை பழகிடும். கிருத்திகைக்கு இழுத்துப் பூட்டிடலாம். சரக்கு அதுக்கடுத்த வாரம் போவும். அந்தத் தேதிக்கு நான் பொறுப்பு."

"ஒரு வாரம் தள்ளினா ஆர்டரே போயிடும்மா" என்றார் முதலாளி.

"போவலாம். ஆனா சொன்ன தேதிக்குச் சரக்கு போவலைன்னா, அப்புறம் அவர் நம்ம போனையே எடுக்கமாட்டாரு."

முதலாளி திரும்பி முருகர் படத்தைப் பார்த்தார். பிறகு மணவாளனிடம், "இன்னாப்பா, ஆனியில மிஷின் ஓடுமா?"

"ஆங், ஓடும்."

"அப்ப அந்தம்மா சொல்ற தேதியைப் போடுங்க" என்று என்னிடம் சொன்னவர், "கீழ ரெண்டு கையெழுத்துக்கு இடம் விடுங்க" என்றார்.

டைப் அடித்தேன். முதலாளி பெயருக்குப் பக்கத்தில் ஹேமாவதி பெயர். வியாபாரிக்குப் போகும் கடிதத்தில் எச்.ஆர். பெயர் வருவது எங்கள் கம்பெனியில் இதுதான் முதல் தடவை. ஸ்ரீதர் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டு இடம் விட்டார். ஹேமாவதி மேஜை முன் உட்கார்ந்து, ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எத்தனையோ கடிதம் மடித்த கைதான். இதை மடிக்கும்போது மட்டும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கவரை ஒட்டி, கம்பெனி முத்திரை குத்தி, நானே நடந்துபோய் ஸ்பீடு போஸ்ட்டில் சேர்த்தேன்.