இடுப்புக்குள் ஒரு பேரிங்

பம்பு மேஸ்திரியின் இடுப்பு கீச்சிட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. ஐந்து வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் வலது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோகக் குண்டும் உலோகக் கிண்ணமும் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். அவரோ பழியைச் செருப்பின் மேல் போட்டு மூன்று ஜோடி மாற்றிவிட்டார். ஒருநாள் குளியலறையிலிருந்து வெறுங்காலோடு வந்தார். கீச்.

"இப்ப எந்தச் செருப்பு கத்துது?" என்றாள் மனைவி.

"தரை."

"அப்ப தரையையும் மாத்திடலாம்."

ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் மறுபடி அறுப்பார்கள் என்று பயம். ஆனைத் தண்டி மோட்டாரைப் பிரித்துப் பரப்புகிறவர், ஊசியைக் கண்டால் ஒடுங்கிப்போவார். காதில் இரைச்சல், கை நடுக்கம், எந்நேரமும் அசதி எல்லாவற்றையும் வயசின் கணக்கில் தள்ளிவிட்டார்.

மனைவி நேரே அவர் பட்டறைக்குப் போய், அங்கே மோட்டாருக்குப் பேரிங் மாற்றும் கூட்டாளி பேரிங்காரரிடம் சொன்னாள். அவருக்குக் காதுதான் கருவி. நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓடும் மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டால் உள்ளே இருக்கும் கோளாறு தெரிந்துவிடும்.

மேஸ்திரி பட்டறைக்கு வந்ததும் அதே ஸ்குரூ டிரைவரை எடுத்தார். "அண்ணே, பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு காலை மடக்கி நீட்டுங்க."

"நான் என்ன மோட்டாரா?"

"மோட்டாரா இருந்தா இந்நேரம் சொன்னபடி கேட்டிருக்கும்."

நுனி மேஸ்திரியின் இடுப்பெலும்பில் பதிந்தது. மோட்டாரோடு வந்த வாடிக்கையாளர்கள்கூடப் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். பேரிங்காரரின் முகம் சுருங்கியது.

"ரெண்டு இரும்பும் ஒண்ணையொண்ணு தின்னுது. பேரிங் போச்சு," என்றார் மேஸ்திரியின் மனைவியிடம். பிறகு பழக்கதோஷத்தில், "வியாழக்கிழமை வந்து எடுத்துக்கங்க" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மூவரும் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"எக்ஸ்ரேல எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் அவர். மேஸ்திரி அதற்குள் எழுந்துவிட்டார்.

பேரிங்காரர் எழவில்லை. "மோட்டாரும் வெளியிலேருந்து பாத்தா அழகாத்தான் இருக்கும், டாக்டர். எண்ணெய இறக்கினாத்தான் இரும்புத் தூள் தெரியும். அண்ணனுக்கு எண்ணெய்னா ரத்தம்தானே."

டாக்டரம்மா சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்தி, சீட்டை இழுத்து ரத்தப் பரிசோதனை எழுதினார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. "குண்டும் கிண்ணமும் உரசித் தேஞ்சு, அதுல இருக்கிற கோபால்ட்ங்கிற உலோகம் ரத்தத்துல ரொம்ப ஏறியிருக்கு. காது இரைச்சலுக்கும் அதுவே காரணமா இருக்கலாம். விட்டா சுத்தியிருக்கிற சதையும் கெடும். குண்டையும் கிண்ணத்தையும் மாத்தணும். அடுத்த மாசம் வச்சுக்கலாமா?"

சத்தம் போட்ட மோட்டாரை ஓட்டிக் கெடுத்துக் கொண்டுவந்தவர்களை மேஸ்திரி ஏசாத ஏச்சில்லை.

"கோளாறு தெரிஞ்சப்புறம் ஓட்டுறவன் மடையன்," என்றார் மெதுவாக. "முன்னாடியே முடியுமாம்மா?"

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "நாளைக்கே ஒரு இடம் இருக்கு."

"நாளைக்கேவா?" மேஸ்திரி நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். "ஒரு பேச்சுக்குச் சொன்னேன்..."

"நாளைக்கே எழுதுங்க, டாக்டர்," என்றாள் மனைவி. அவள் கை அவர் சட்டைக் காலரைப் பிடித்திருந்தது.