உள்ளே மாட்டிக்கொண்ட பலகைகள்

எஸ்டேட்டில் செங்கல் இல்லாமல் எழுந்த முதல் வீடு அது. பலகையால் அச்சு அடித்து, நடுவே காங்கிரீட்டைக் கொட்டி இறுக்கிய சுவர்கள். அச்சு தச்சருடைய வேலை, கலவை அவர் மச்சான் கொத்தனாருடையது. மழைக்கு முன் தச்சர் தன் குடும்பத்தோடு குடியேறினால் வரிசையாக இன்னும் வீடுகள். இல்லையென்றால் பழையபடி மண்சுவர்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். தச்சருக்குச் சந்தேகமே இல்லை. இடி விழுந்தால் இடிக்குத்தான் சேதம் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூரையும் இறுகியபின் உள் அச்சைக் கழற்றினார்கள். சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. பலகையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், போகவில்லை. படுக்கவைத்தும் சாய்த்தும் பார்த்தார்கள். சுவர் அளவுக்கு ஒரே பலகையாக அடித்தவர், வாசலை நினைக்கவே இல்லை. அறுத்து எடுத்தால் அடுத்த வீட்டு அச்சுக்கு உதவாது.

கொத்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மச்சான், குடத்துக்குள்ள பூசணி வளத்த கதையால்ல இருக்கு."

அந்த நேரம் பார்த்துத் தச்சரின் மனைவி சல்லடையும் ஆணியுமாக வந்து நின்றாள். சுவரில் அடித்தாள். ஆணி வளைந்தது. இன்னொன்றும் வளைந்தது.

"சல்லடைய எங்கங்க மாட்டுறது, உங்க காதுலயா? அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவுல ஒரு மறைப்பு கூட இல்ல. நான் வரல."

தச்சர் மனைவியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு மச்சானை எழுப்பி, இரண்டு பலகைகளைத் தூக்கி அறையின் குறுக்கே நிறுத்தச் சொன்னார். மீதிப் பலகைகளை அறுத்து மேலும் கீழும் சட்டமாக வைத்து இறுக்கினார். நடந்துபோக ஓரத்தில் அறுத்து வழி விட்டார். இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் படுக்கை.

"இப்ப அடி," என்றார்.

அவள் அடித்தாள். ஆணி வெண்ணெயில் போவதுபோல் இறங்கியது. சல்லடையை மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"முன்னாடியே இப்படித்தான் நெனச்சீங்களா?"

"பின்ன?" என்றார் தச்சர். கொத்தனார் இருமினார்.

மறுநாளே பாத்திரங்கள் வண்டியில் வந்தன. முதலாளியும் வந்து தடுப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லா வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கட்டும் என்றார்.

இரண்டாவது வீட்டு அச்சுக்குப் பலகை அறுக்கும் முன் தச்சர் வாசலை அளந்தார், மச்சான் கலவை கிளறப் போன நேரமாகப் பார்த்து.