கடல் மண் வைத்த மடை

பூமயிலின் வயலில் சிப்பி கிடந்தது.

உத்தரகோசமங்கைக்கும் மேற்கே, வானத்தைப் பார்த்து விதைக்கிற காட்டில் கடல் சிப்பிக்கு என்ன வேலை? குனிந்து எடுத்தாள். நகத்தளவு, வெள்ளை. காலடியில் இன்னும் நாலைந்து கிடந்தன. கண்மாய்க் கரையின் அடியில், புது மடையை ஒட்டி, விரல் தண்டிக்கு ஓர் ஊற்று கொப்பளித்துக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீராக இருந்திருந்தால் அவள் பாட்டுக்குக் களை பறிக்கப் போயிருப்பாள். கசியாத கரை எந்த ஊரில் இருக்கிறது? ஆனால் இது டீத்தண்ணி மாதிரி கலங்கி வந்தது. கலங்கல் வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். அந்த ஊரில் ஆடு மேய்க்கிற ஆளுக்கும் அது தெரியும்.

"அடப் படுபாவி" என்றாள், செல்லச்சாமியை நினைத்து.

செல்லச்சாமி ராமநாதபுரத்துக் காண்ட்ராக்டர். கோடையில் பழைய கல்மடையை இடித்துப்போட்டு சிமெண்டு மடை கட்டியவன். மடையைச் சுற்றிக் களிமண் போட்டு இடித்து இறுக்க வேண்டும். களிமண் கண்மாய்க்குள்ளேயே கிடந்தது; வெட்டத்தான் ஆள் வேண்டும். அவன் லாரி அப்போது மண்டபத்தில் வேறு வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பும்போது வெறும் வண்டியாக வருவானேன் என்று கடற்கரை மண்ணை அள்ளிவந்து கொட்டிவிட்டான். பூமயில் கேட்டதற்கு, "மண்ணுன்னா எல்லாம் மண்ணுதான் ஆத்தா. மேல சிமெண்டைப் பூசிட்டா சாமிக்கே தெரியாது" என்று சிரித்தான்.

பூமயில் கரைமேல் ஏறினாள். அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷக் கார்த்திகை. விட்டுவிட்டுப் பெய்த மழையில் கண்மாய் முட்டி நின்றது. இந்தப் பக்கம் திரும்பினால், கரைக்கு நேர் கீழே, விளைச்சலில் பங்கு கொடுத்து அவள் வாரத்துக்கு உழும் வயல். வயலுக்கு அடுத்து அவள் தெரு, அத்தனையும் மண்சுவர் வீடு. மடை பிய்த்துக்கொண்டால் தண்ணீர் முதலில் வயலுக்குள் நுழையும், அடுத்த மூச்சில் அடுப்புக்குள் நுழையும்.

ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கரையில் ஓட்டையைக் கண்டவர் யாரானாலும், ஆணோ பெண்ணோ, கண்மாய்க்குள் இறங்கி அதன் உள்வாயைக் காலால் துழாவிப் பிடித்து, அதன்மேலேயே நிற்க வேண்டும். ஒருவர் அப்படி நின்றுவிட்டால் வீட்டுக்கு ஓர் ஆள் வைக்கோலும் மண்மூட்டையுமாக ஓடிவர வேண்டும். நிலம் உள்ள காட்டுக்காரர் வீடு, கூலிக்காரர் வீடு என்ற வித்தியாசம் அதற்கு மட்டும் கிடையாது. வராத வீட்டு வாசலை நல்லதுக்கும் கெட்டதுக்கும் யாரும் மிதிக்கமாட்டார்கள்.

பூமயில் ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்தாள். வைத்த காலை எடுத்துக்கொண்டாள். ஒப்பந்தம் ஞாபகம் வந்துவிட்டது.

கோடையில் அய்யனார் கோயில் முன்னால் கூட்டம் போட்டு அந்த ஒப்பந்தத்தைச் சத்தமாகப் படித்தார்கள். படித்தவர் பாசன சங்கத் தலைவர் பொன்னுச்சாமி, ஊரில் பெரிய காட்டுக்காரர். பூமயில் சங்கத்தில் கூலிக்காரர் பக்கத்து உறுப்பினர். அறிவொளி வகுப்பில் தலை நரைத்தபிறகு எழுத்துப் படித்தவள், அதனால் பெருவிரலில் மை தடவாமல் பேரெழுதினாள். ஒப்பந்தத்தில், பழுது ஏற்பட்டால் என்ன செய்வது என்று ஒரு பிரிவு இருந்தது. வேலை முடிந்து ஒரு வருஷத்துக்குள் பழுது கண்டால் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து ஏழு நாளுக்குள் காண்ட்ராக்டர் வந்து தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அதற்குமுன் வேறு யாராவது அந்த வேலையில் கை வைத்தால் காண்ட்ராக்டரின் பொறுப்பு தீர்ந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், இன்ஜினியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சங்கம் தற்காலிகமாக அடைக்கலாம்.

அன்றைக்கே பூமயில் எழுந்து கேட்டாள்: "ஏழு நாளைக்குத் தண்ணி பொறுத்துக்கிருமாய்யா? தண்ணிகிட்ட யாரு கையெழுத்து வாங்குனது?"

கூட்டம் சிரித்தது. பொன்னுச்சாமியும் சிரித்தார். "அச்சடிச்சு வந்ததுத்தா. இதுல நீயும் நானும் ஒரு புள்ளி மாத்த முடியாது. போடு கையெழுத்தை."

போட்டாள். இப்போது அந்தக் கையெழுத்து அவள் காலைப் பிடித்துக் கட்டியது.

பொன்னுச்சாமி வீட்டுக்கு ஓடினாள். அவர் மேட்டுத்தெருவில், மாடிவீட்டு வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். சிப்பியை நீட்டினாள்.

"அய்யா, மடையோரம் கலங்கல் வருது. கடல் மண்ணு கரையுது."

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தார். முகம் மாறிவிட்டது. "கை வச்சியா?"

"இல்ல."

"வச்சிராத. கீழமடையில என்ன ஆச்சு? விரிசல் விட்டுச்சுன்னு நம்ம ஆளுகளே சிமெண்டைக் குழைச்சு அப்புனாங்கெ. அந்தக் காண்ட்ராக்டர் வந்து போட்டோப் புடிச்சான், நீங்க தொட்டுட்டீங்க, எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லேன்னு போனவன் போனவன்தான். இன்னைக்குக் கீழமடைப் பாசனம் பூராவும் கருவேலங்காடு. இதையும் அப்படி விடச் சொல்றியா?"

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் பூமயிலுக்கு இன்னும் எரிந்தது.

அவர் காகிதம் எழுதி, ஆளைப் பஸ்ஸில் ஏற்றி ராமநாதபுரத்துக்கு அனுப்பினார். செல்போனில் செல்லச்சாமியைப் பிடித்தார். அவன், "காகிதம் வரட்டும் மாமா, வந்த நாள்லருந்து ஏழு நாள் இருக்குல்ல" என்றானாம். இன்ஜினியரின் போன் அணைந்து கிடந்தது. விடாமல் அடித்துப் பார்த்தார். பொன்னுச்சாமியைக் குறை சொல்ல முடியாது, செய்ய வேண்டியதையெல்லாம் முறைப்படி செய்தார். மடைக்குப் பக்கத்தில் யாரும் போகக்கூடாது என்று நீர்ப்பாய்ச்சி கூத்தையாவைக் காவலுக்கும் போட்டார். மடை திறந்து மூடுவது கூத்தையாவின் வேலை. தன் மடையையே தொடவிடாமல் காக்கிற வேலை அவனுக்கு அன்றைக்குத்தான் வாய்த்தது.

மத்தியானம் மழை வலுத்தது. பூமயில் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஊற்றையே பார்த்து நின்றாள். விரல் தண்டி இருந்தது மணிக்கட்டுத் தண்டி ஆயிற்று. சிப்பியும் மணலுமாக வெளியே தள்ளி, நெற்பயிரின்மேல் வெள்ளையாகப் பரப்பியது.

"கூத்தையாண்ணே, பாத்துக்கிட்டா நிக்கிறீக?"

"என்னைய என்னத்தா செய்யச் சொல்ற? தலைவரு சொல்லிட்டாரு."

"ஒங்க வீடும் எங்க தெருவுலதான் இருக்கு. அண்ணி கஞ்சி காச்சிக்கிட்டிருக்கா. தண்ணி வந்தா, இரு ஒப்பந்தத்தைப் படிச்சுட்டு வாரேன்னு வாசல்ல நிக்குமா?"

கூத்தையா காவல் குச்சியால் சகதியைக் கிளறினான். பொன்னுச்சாமி குடையோடு வந்தார். "இன்னும் போன் எடுக்கல. பொறு பூமயிலு, சாயங்காலத்துக்குள்ள எப்படியும்..."

"சாயங்காலம் நாங்க இருப்பமா? ஒங்க வீடு மேட்டுல இருக்கு, ஒங்களுக்கு இது மடை. எங்களுக்கு இது தலைமாடு. கடல் மண்ணைக் கொட்டுனவன் ராம்நாட்டுல சோத்தைத் தின்னுட்டுப் படுத்திருக்கான். அவனுக்கு ஏழு நாள். எனக்கு?"

"ஏத்தா, கையெழுத்துப் போட்டது நீயுந்தான்!"

"போட்டது கைதானே? காலு போடலையே!"

சேலையை வரிந்து சொருகிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கிவிட்டாள்.

தண்ணீர் நெஞ்சுவரை வந்தது. மடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலால் துழாவினாள். சேறு, கல், சேறு. பிறகு ஓரிடத்தில் கணுக்காலை எதுவோ வாய் வைத்து உறிஞ்சியது. காலை உருவினாள், வரவில்லை. இன்னொரு காலையும் பக்கத்தில் ஊன்றி நின்றுகொண்டு கத்தினாள்.

"வாயி இருக்கு! காலை வச்சுட்டேன்! வாங்க!"

அவ்வளவுதான். கூத்தையா குச்சியை எறிந்துவிட்டுத் தெருவுக்கு ஓடினான். பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் கூரையிலிருந்தே வைக்கோலைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு ஓர் ஆள் என்பது கட்டுப்பாடு. வீட்டிலிருந்த அத்தனை பேரும் வந்தார்கள். பொன்னுச்சாமி கரையில் நின்று, "போச்சு, எல்லாம் போச்சு! அவன் இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுப்பானா?" என்று கத்தினார். கத்திக்கொண்டே மேட்டுத்தெருப் பக்கம் திரும்பி, "ஏலே, என் படப்பைப் பிரிச்சு வண்டியில ஏத்துங்கலே! நனையாத வைக்கோலாப் பாத்து எடுங்க!" என்றார். ஊரிலேயே பெரிய வைக்கோற்படப்பு அவருடையது. அன்றைக்கு அதில் பாதி கண்மாய்க்குள் போனது.

வைக்கோலைப் பிரியாக முறுக்கி அவள் காலடியில் திணித்தார்கள். மேலே மண்மூட்டை, அதன்மேல் களிமண். ஊற்று சுருங்கிச் சுருங்கி, கலங்கல் தெளிந்து, கசிவாக நின்றது. பூமயிலைக் கைகொடுத்துத் தூக்கினார்கள். கணுக்காலைச் சுற்றிக் கொலுசு போட்டமாதிரி தோல் உரிந்திருந்தது.

மழை வெறித்து வானம் வெளுத்ததும் செல்லச்சாமி வந்தான். கரைப்பாதை சகதியாகக் கிடந்ததால் ஜீப்பைப் பூமயிலின் தெருவிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரை ஏறினான். மூட்டைகளைப் பார்த்தான். பார்த்ததும் முகம் தெளிந்துவிட்டது. காமிராவை எடுத்து மூட்டைகளை நாலு பக்கமும் படம்பிடித்தான்.

"என்ன மாமா இப்படிப் பண்ணீட்டீங்க? இன்ஜினியர் அனுமதி வாங்குனீங்களா? இல்லைல. வேற ஆள் கை பட்டுருச்சு, பிரிவுப்படி என் பொறுப்பு முடிஞ்சது. ஒருவேளை, இந்த மூட்டையெல்லாம் எடுத்துட்டு, பழுது எங்க இருக்குன்னு பழையபடி காட்டுனீங்கன்னா பாக்கலாம்."

பொன்னுச்சாமி தலையைத் தொங்கப்போட்டார். பூமயில் முன்னால் வந்தாள்.

"மூட்டையை எடுக்கணுமா?"

"ஆமாத்தா. கண்ணால பாத்தாத்தானே தெரியும்?"

"நானே எடுக்குறேன். நீ எங்க தெருவுல போயி ஒன் ஜீப்புக்குள்ள ஒக்காரு."

செல்லச்சாமி சிரித்தான். அதே சிரிப்பு. "வெளையாடாத ஆத்தா." கரை இறங்கித் தெருவைப் பார்த்து நடந்தான்.

அந்தச் சிரிப்புதான் பூமயிலுக்கு ஆகவில்லை. குறுக்கே வயல் வழியாக ஓடி அவனுக்கு முன்னால் தெருவுக்குப் போனாள். வாசலில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தாள். ஜீப்பின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஓங்கி வெட்டினாள். கருத்தம்மாள் பின்சக்கரத்துப் பக்கம் போய் வெட்டினாள். அடுத்தடுத்த வாசலிலிருந்தும் மண்வெட்டிகள் வந்தன. நாள்பூராவும் வரப்பு வெட்டிப் பிழைக்கிற கைகள். செல்லச்சாமி சகதியில் வழுக்கி வழுக்கி வந்து சேர்வதற்குள், ஜீப்புக்கு முன்னால் ஒரு பள்ளம், பின்னால் ஒரு பள்ளம், இடுப்பளவுக்கு.

"ஏய்! என்ன பண்றீங்க? போலீஸுக்குப் போவேன்!"

"போ. அவங்க ஜீப்பையும் இங்கனயே நிப்பாட்டச் சொல்லு, எடமிருக்கு" என்றாள் பூமயில். மூச்சு வாங்கியது. "ஒன் வேலை நல்ல வேலைன்னா ஒன் ஜீப்பு இங்கன பத்திரமா இருக்கும். கெட்ட வேலைன்னா எங்க அடுப்போட சேந்து போகும். மடையைப் பிரிச்சு, களிமண்ணை வச்சு இடிச்சுக் குடு. நாங்களே பள்ளத்தைத் தூத்து, தள்ளியும் விடுறோம்."

"மாமா, நீங்க சங்கத் தலைவரு, சொல்லுங்க! ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்குல்ல?"

பின்னாலேயே வந்திருந்த பொன்னுச்சாமி, குடையை மடக்கி அதன் நுனியில் ஒட்டிய சகதியைத் தட்டினார். படப்பு போன வயிற்றெரிச்சல் அவருக்கு.

"இருக்கு மாப்ள. பூராம் படிச்சுப் பாத்துட்டேன். ஜீப்பைப் பத்தி அதுல ஒண்ணும் போடலையே."

செல்லச்சாமி பஸ்ஸில் போனான். போலீஸ் வரவில்லை. போனால் கடல் மண்ணைப் பற்றியும் பேச வேண்டிவரும் என்று யாராவது அவனுக்குச் சொல்லியிருப்பார்கள். ஜீப் தெருவில் நின்றது. பின்சீட்டில் கருத்தம்மாளின் கோழி அடைக்கு உட்கார்ந்தது. அவன் போனில் பொன்னுச்சாமியிடம் கெஞ்சினான், திட்டினான், தண்ணீர் வற்றட்டும் என்றான். தண்ணீர் வற்றினால் ஜீப்பை எடுத்துக்கொள்ளட்டும் என்று பூமயில் சொல்லியனுப்பினாள்.

மறுபடி தெற்கே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழும்போதே யாரோ ஒருவனின் மோட்டார்பைக்கின் பின்னால் தொற்றிக்கொண்டு செல்லச்சாமி வந்தான். தெருவில் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றக்கூட நிற்காமல் நேரே கரையடிக்கு ஓடினான். புது மடையோரம் குனிந்து, கையை ஊன்றி, கசிவைப் பார்த்தான். அதுவரை தெளிந்து வந்த தண்ணீர் லேசாக நிறம் மாறியிருந்தது.

"கலங்குது!" என்று கத்தினான். "ஏய், யாரு இருக்கீங்க? கலங்கி வருது!"

பூமயில் வயலிலிருந்து நிமிர்ந்தாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரைமேல் ஏறி நின்று, அவனையும் கண்மாயையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மொதல்ல கண்டது நீதான? செருப்பைக் கழத்திட்டு எறங்கு. காலை வையி. வைக்கோல் நாங்க கொண்டு வாரோம். நாளைக்கு விடிஞ்சதும் களிமண்ணு வெட்ட ஒன் ஆளு வரணும்."

அவன் ஒருமுறை தெருவைப் பார்த்தான். மழையில் நனைந்துகொண்டு ஜீப் நின்றது.

செருப்பைக் கழற்றினான்.