அண்ணனுக்காக ஏழு வெள்ளிக்கிழமைகள்

"அண்ணன் எப்படி இருக்கார் பிரதர்?"

டயர் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு எடுத்திருந்த அந்தச் சபைக்கு ஏறிச் செல்ல இருபத்திரண்டு படிகள். புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டத்துக்கு அந்தப் படிகளில் ஏறும்போது, கண்ணாடிக்காரரிடம் இந்தக் கேள்வியைக் குறைந்தது ஆறு பேராவது கேட்டுவிடுவார்கள். அவரும் சுவரோரமாக ஒதுங்கி நின்று, கேட்டவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, "அப்படியேதான் இருக்கார்" என்று பணிவாகப் பதில் சொல்லுவார்.

அந்தப் பதிலைப் பொய் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. அண்ணன் இறந்து ஏழு வாரங்கள் ஆகியிருந்தன.

மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்ப்பது அவருடைய வேலை. கடையின் முன்பக்கத்தில் பளிச்சென்ற விளக்குகளும் நிலைக்கண்ணாடிகளும் சிரித்துப் பேசும் பெண்களும் உண்டு. பின்பக்கத்தில், ஒரு பலகைத் தடுப்புக்கு அப்பால், சாணைச் சக்கரமும் அதன்மேல் சொட்டும் தண்ணீரும் அவரும் மட்டும். லென்ஸும் சட்டமும் ஒரு சீட்டோடு தட்டில் உள்ளே வரும். விளிம்பு தேய்த்துப் பொருத்தியதும் அதே தட்டில் வெளியே போகும். தட்டோடு என்ன பேச்சு? மனைவி காலமாகி ஆறு ஆண்டுகள். பிள்ளைகள் இல்லை. வெளியிலிருந்து பூட்டைத் திறப்பவரும் அவரே, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுபவரும் அவரே. ஒரு வாரம் முழுவதும் அவரை நிறுத்தி ஒருவர் ஒன்றைக் கேட்டார் என்றால், அது அந்தப் படிக்கட்டில்தான். கேட்டது அண்ணனைப் பற்றித்தான், அவரைப் பற்றி அல்ல. இருந்தாலும், தாகத்தில் இருப்பவர் பாத்திரம் யாருடையது என்று பார்ப்பதில்லை.

சபையில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஜெபக்குறிப்புகளை வெள்ளைப் பலகையில் எண் போட்டு எழுதுவார்கள். ஒவ்வொரு குறிப்பையும் ஒரு விசுவாசி பொறுப்பெடுத்து, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வேளை உபவாசமிருந்து ஜெபிக்க வேண்டும். குறிப்புக் கொடுத்தவர் எழுந்து நின்று, இன்னது நடந்தது என்று சபைக்கு முன் சாட்சி சொன்னால் ஒழிய அந்த எண்ணை அழிக்க மாட்டார்கள். ஐந்து மாத நோவுக்கும் ஏழு வார மரணத்துக்கும் ஒரே வரிதான் பலகையில் நின்றது: 'ஏழு. கண்ணாடிக்காரரின் அண்ணன். பக்கவாதம்.'

செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கண்ணாடிக்காரர் ஞானஸ்நானம் எடுத்த அன்றே, "இனிமே உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்று அண்ணன் அறுத்துவிட்டிருந்தார். அண்ணன் விழுந்த பிறகு அண்ணிதான் எப்போதாவது தொலைபேசியில் பேசுவார். அன்றைக்கு அவர் சொன்னது இரண்டே வாக்கியம்: "ஞாயித்துக்கிழமையே எல்லாம் முடிஞ்சிடுச்சு தம்பி. உங்களுக்குச் சொல்லணும்னு இப்பதான் தோணுச்சு."

மறுநாள் சபையாரிடம் சொல்லிவிட வேண்டும் என்ற தீர்மானத்தோடுதான் படி ஏறினார். மூன்றாவது படியிலேயே கேள்வி வந்துவிட்டது. போய்விட்டார் என்று சொன்னால் இன்றைக்கு ஒரு பத்து நிமிடம் தோளைத் தட்டுவார்கள், அடுத்த புதன்கிழமை? வாய் தானாகவே, "அப்படியேதான்" என்றது. ஒரு முறை சொன்ன பிறகு மறுமுறை சொல்வதற்குப் பிரயாசை தேவைப்படவில்லை.

ஆனால், அவர் செய்தது சாதாரணப் பிழை அன்று. இறந்தவர்களுக்காக ஜெபிப்பது அந்தச் சபையின் உபதேசத்திலேயே கிடையாது. உயிர் போன கணத்தில் கதவு சாத்தப்படுகிறது, அதற்கு மேல் மனிதர் தட்டக் கூடாது என்பதைப் போதகர் வருடத்துக்கு ஒரு முறையாவது மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட நாற்பது பேரை ஏழு வாரமாக ஒரு பிரேதத்தின் வலது கைக்கும் வலது காலுக்கும் சுகம் கேட்கவைத்து, ஆமென் என்று முடித்தும் வைத்திருந்தார் கண்ணாடிக்காரர். நினைக்கும்போது சாணைச் சக்கரத்தில் விரலைக் கொடுத்தது போலிருந்தது. முழங்காலில் நின்றால் சொந்த ஜெபத்துக்கு வார்த்தை எழும்பவில்லை.

ஏழாம் எண்ணுக்குப் பொறுப்பு டிரைவரக்கா. முன்பு வைத்திருந்தவர் ஊர் மாறிப் போனதால், ஏழு வாரத்துக்கு முன்தான் அதை ஏற்றுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அவர் பேசினால் வண்டிக்கு ஹாரன் எதற்கு என்று சபையில் சொல்லிச் சிரிப்பார்கள். ஏழு வாரம் கடந்த அந்தப் புதன்கிழமை கூட்டம் முடிந்ததும், அவர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே கூப்பிட்டார்.

"கண்ணாடிக்காரரே, இங்க வாங்க. உங்க அண்ணனுக்கு வலது பக்கம்தானே?"

"ஆமாங்கக்கா."

"ஏழு வெள்ளிக்கிழமையா கொஞ்சம்கூட அசைவில்லையே, ஏன்? நானும் காலைல ஒரு டீகூடக் குடிக்காம ஓட்டுறேன். பசில பிள்ளைங்க மேல கத்துறேன். அதுங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க?"

"மன்னிச்சுக்கோங்கக்கா."

"நீங்க எதுக்கு மன்னிப்புக் கேட்குறீங்க? நல்ல ஆளுய்யா நீங்க. மழை பெஞ்சாக்கூட மன்னிப்புக் கேட்பீங்க போல. சரி, சனிக்கிழமை வண்டி சும்மாதான் நிக்குது. பாஸ்டரையும் கூட்டிக்கிட்டு நேர்லயே போய்த் தலைல கை வெச்சு ஜெபிச்சிட்டு வந்துடுவோம். நாலு மணி நேரம்தானே?"

"உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்..."

"சிரமம் வண்டிக்கு. நான் சும்மா உட்கார்ந்துதானே வர்றேன்?"

வியாழக்கிழமை மாலை, போதகரிடமாவது சொல்லிவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனார். போதகர் சமையலறைத் தொட்டியின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "வாங்க பிரதர், கர்த்தரே அனுப்பினார். அந்த ஸ்பேனரைக் கொடுங்க" என்றார். கண்ணாடிக்காரர் முக்கால் மணி நேரம் ஸ்பேனர் கொடுத்தார், டார்ச் அடித்தார், வாளி மாற்றினார். ஒழுக்கு நின்றது. போதகர் முகம் நிறையச் சிரித்து, "ஏதோ பேச வந்தீங்களே?" என்று கேட்டபோது, "ஒண்ணுமில்லங்க பாஸ்டர், சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு" என்று சொல்லி இறங்கிவிட்டார். தெருவில் வரும்போது சட்டையின் கைகள் இரண்டும் நனைந்திருந்தன.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வேன் டயர் கடை வாசலில் நின்றது. முன்னிருக்கையில் போதகர். டிரைவரக்கா சாப்பாட்டுப் பொட்டலங்களை நாலாக எண்ணி ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தார். "இது உங்க அண்ணிக்கு. நோயாளியைப் பார்க்கிறவங்களுக்குச் சமைக்க எங்க நேரம்? அண்ணனுக்குக் கஞ்சி தனியா ஃபிளாஸ்க்ல இருக்கு" என்றார்.

கண்ணாடிக்காரர் வேனில் ஒரு கால் வைத்தார். அந்தக் கஞ்சி என்ற சொல்தான் அவரைப் பிடித்து நிறுத்தியது. வைத்த காலை எடுத்துக் கீழே ஊன்றினார்.

"அண்ணன் இல்லங்கக்கா."

"எங்க போயிட்டார்? ஆஸ்பத்திரிக்கா?"

"இறந்துட்டார். ஏழு வாரம் ஆச்சு."

டிரைவரக்கா ஃபிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அது இறுகிய பிறகும் திருகினார். போதகர் கதவைத் திறந்து இறங்கினார்.

"ஏழு வாரமா?" என்றார் அக்கா. ஹாரன் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "அப்போ நான் யாருக்காக வயித்தைக் காயப்போட்டேன்? போன புதன்கிழமை என் பக்கத்துல நின்னு ஆமென் சொன்னீங்களே, என் முகத்தைப் பார்த்து எப்படிச் சொன்னீங்க?"

"தெரியலங்கக்கா."

"தெரியலன்னா?"

"அண்ணன் போயிட்டார்னு சொல்லிட்டா, அப்புறம் எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேட்கமாட்டீங்க." அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் காது மடல் வரை சூடேறிவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதர் சொல்லக்கூடிய காரணமா அது?

டயர் கடைக்காரர் இரும்புக் கதவை உயர்த்தும் சத்தம் எழுந்து அடங்கியது. போதகர்தான் முதலில் பேசினார். "நாளைக்குச் சாட்சி நேரத்துல நீங்களே எழுந்து சொல்லணும் பிரதர். உங்களுக்காக நான் சொல்லமாட்டேன்." பிறகு, சற்று யோசித்து, "அங்க அண்ணி தனியாவா இருக்காங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"இத்தனை மாசத்துல அந்த அம்மா பேரைப் பலகையில நாம எழுதவே இல்லையே."

டிரைவரக்கா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். "ஏறுங்க. பின்னாடி போய் உட்காருங்க. எங்கிட்ட இப்போ பேசாதீங்க" என்றார்.

நாலு மணி நேரமும் கடைசி வரிசையில், குழந்தைகளுக்காகச் செய்த இருக்கையில், முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்து வந்தார் கண்ணாடிக்காரர்.

அண்ணி கதவைத் திறந்தபோது முதலில் போதகரைப் பார்த்தார், பிறகு வேனைப் பார்த்தார், கடைசியில்தான் கொழுந்தனைப் பார்த்தார். அண்ணி பாதியாக இளைத்திருந்தார். முன்னறையில் ஒரு கட்டில், மெத்தை இல்லாமல், வாசலைப் பார்த்துப் போட்டபடி கிடந்தது.

"ஜெபமெல்லாம் வேண்டாங்க" என்றார் அண்ணி, மரியாதையாகவே. "அவருக்குப் பிடிக்காது. உட்காருங்க, தண்ணி தர்றேன்."

"சரிங்கம்மா" என்றார் போதகர், உட்கார்ந்து. டிரைவரக்கா பொட்டலங்களைப் பிரித்து வைத்தார்.

கண்ணாடிக்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். "சாவுக்கு எனக்குச் சொல்ல வேண்டாம்னு அண்ணன் சொல்லிட்டாரா அண்ணி?"

"அவர் எங்க சொல்றது? பேச்சு முதல் நாளே போயிடுச்சே. நான்தான் சொல்லல." அண்ணி தம்ளரை மேசையில் வைத்தார். "ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் ஜெபம் பண்றோம், ஜெபம் பண்றோம்னு சொன்னீங்க. ஊரே ஜெபிக்குதுன்னு சொன்னீங்க. நாலு மணி நேர பஸ் தம்பி. அஞ்சு மாசம். ஒரு தடவை வந்தீங்களா?"

"வந்தா முகத்தைத் திருப்பிக்குவாரோன்னு பயந்துட்டேன்."

"கழுத்தைத் திருப்ப முடியாத மனுஷன் முகத்தை எப்படித் திருப்புவார்?" அண்ணி கட்டிலின் கால்மாட்டைக் காட்டினார். "இதை வாசலைப் பார்த்துப் போடுன்னு கண்ணாலயே காட்டினார். யாரை எதிர்பார்த்தார்னு எனக்குத் தெரியாது. நீங்களா எதுவும் நினைச்சுக்காதீங்க. ஆனா வந்திருக்கலாம்."

நான்கு பேரும் சாப்பிட்டார்கள். டிரைவரக்கா அண்ணிக்கு இரண்டாம் தரம் எடுத்து வைத்தார். அண்ணி வேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்பும் வழியில், எப்போது என்று தெரியாமல், கண்ணாடிக்காரர் அழத் தொடங்கினார். முன்னால் இருந்த இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாதிப் பாதையில் வேன் ஓரமாக நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் இறங்காமலே, மறுபடி புறப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அவர் எழுந்தார். எழுதிக் கொண்டுபோன தாளைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"என் அண்ணன் இறந்து ஏழு வாரத்துக்கு மேல ஆகுது. தெரிஞ்சும் உங்களை ஜெபிக்க விட்டேன். அதைவிட இன்னொண்ணு இருக்கு. அவர் உயிரோட இருந்தப்போ, ஜெபியுங்கன்னு உங்ககிட்ட சொன்னதோட சரி. நான் போய்ப் பார்க்கல."

பழக்க தோஷத்தில் பின்வரிசையில் யாரோ ஸ்தோத்திரம் சொல்லப்போய், "ஸ்தோ" என்று தொடங்கி, மீதியை விழுங்கினார். அடுத்த பாட்டை ஆரம்பிக்க வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது. ஆராதனை முடிந்ததும் சிலர் கைகொடுத்தார்கள். சிலர் கைகொடுக்காமல் இருப்பதற்குக் குழந்தைகளைத் தேடிப் போனார்கள். டிரைவரக்கா நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் உதவப் போனபோது, தடுக்கவும் இல்லை, பேசவும் இல்லை.

அடுத்த புதன்கிழமை இருபத்திரண்டு படிகளையும் அவர் ஒரு கேள்வியும் இல்லாமல் ஏறினார். எதற்குப் பயந்தாரோ அது அப்படியே நடந்தது. எல்லோரும் தலையசைத்தார்கள், அவ்வளவுதான். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள அவருக்கு நியாயம் இருக்கவில்லை.

சனிக்கிழமை கடையில் ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். வரச் சொல்லி யாரும் அழைத்திருக்கவில்லை. கதவைத் திறந்த அண்ணி, அவருக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார்.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமாங்க அண்ணி."

"கேஸ் சிலிண்டர் வெளில நிக்குது. என்னால தூக்க முடியல" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டு உள்ளே போனார்.

கண்ணாடிக்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சிலிண்டரைச் சாய்த்து, அதன் விளிம்பில் மெல்ல உருட்டிக்கொண்டு உள்ளே சென்றார்.