ஐந்தாம் மாடியில் எங்கள் சந்து

நூலக வாசலில் காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தில் அளவு டேப் தொங்குவதை நான் மறந்தே போயிருந்தேன்.

"ஸ்டூடன்ட்டா?"

"இல்ல."

"ஆராய்ச்சி பண்றவங்களா?"

"டைலர்."

"டைலருக்கு இங்க என்னம்மா வேலை?"

"உள்ள போனாத்தானே தெரியும்? கொஞ்சம் நகருங்க."

நான் வம்புக்குப் போகிறவள் இல்லை. வலிய வந்த வம்பை விடுகிறவளும் இல்லை. என் தையல் கடை ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. பெரிய சாலையிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தச் சந்துதான் வழி. சந்தை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத் தலைவர், அது தங்கள் இடம் என்று சொல்லி, இரும்புக் கேட் போடக் குழியே தோண்டிவிட்டார். கேட்டைப் பூட்டினால் ஒரு கிலோமீட்டர் சுற்றி வர வேண்டும். ஒரு பொத்தான் தைக்க எவர் அவ்வளவு தூரம் வருவார்? பதினோரு வருஷ உழைப்பு போச்சு. "ஏம்மா, உன் மெஷின் சத்தத்துல எங்களுக்கு நிம்மதியே இல்ல" என்று வேறு சொன்னார், ஏதோ நான் ரயில் ஓட்டுவது போல.

மாநகராட்சி அதிகாரியிடம் போனேன். பழைய வரைபடமெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டதாம். "சந்து பொதுவானதுன்னு வியாழக்கிழமைக்குள்ள ஆதாரம் கொண்டு வாங்க. இல்லேன்னா கேட்டுக்கு அனுமதி குடுத்துடுவேன்" என்றார்.

கடையில் என்னோடு தைக்கும் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "பெரிய இடத்தைப் பகைச்சுக்கிட்டு என்ன அண்ணி பண்ணப் போறோம்? லைப்ரரியெல்லாம் படிச்சவங்க போற இடம்."

"நானும் பத்தாவது வரைக்கும் படிச்சவதான். எட்டு வருஷமா அந்தக் கட்டடம் நம்ம பஸ் ஸ்டாப்புக்கு எதிர்லயே நிக்குது. ஒரு நாளாவது உள்ள போனோமா? அதுதான் தப்பு."

உறுப்பினர் அட்டை பத்தே நிமிஷத்தில் கிடைத்தது. தொழில் என்ற கட்டத்தில் 'தையல்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். ஐந்தாம் மாடியில் வரைபட அறை. பை, போன், பேனா எல்லாவற்றையும் வெளியே பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள்.

"எந்த வருஷத்து வரைபடம் வேணும்?" என்று கேட்டார் நூலகர் அம்மா.

"எங்க சந்தை அடைக்கப் பாக்கற ஒரு ஆளு பொறக்கறதுக்கு முன்னாடி வந்தது எதுவானாலும் சரி."

அவர் சிரிக்கவில்லை. அகலமான இழுப்பறைகளைத் திறந்து மூன்று தாள்களை எடுத்து வந்து பரப்பினார். இரண்டாவது தாளில் எங்கள் சந்து இருந்தது. இரண்டு கோடு, நடுவில் 'பொதுப் பாதை' என்று பொடி எழுத்து. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பழைய தாளும்மா. ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது, போட்டோவும் கூடாது. பிளாஸ்டிக் தாள் போட்டுத் தரேன், அது மேல டிரேசிங் தாளை வச்சு பென்சில்ல வரைஞ்சுக்கலாம்."

வரைவதா? அது என் பிழைப்பல்லவா! அரை மணியில் எங்கள் தெரு முழுவதையும் டிரேசிங் தாளில் எடுத்தேன். அந்த அம்மா வரைபடத்தின் எண்ணையும், ஒரு அங்குலத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கையும் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். பென்சில் அழிந்துவிடக் கூடாதே என்று வீட்டுக்கு வந்து கோட்டின் மேல் பேனாவால் ஓட்டினேன்.

வியாழக்கிழமை சங்கத் தலைவரையும் வரவழைத்து உட்காரவைத்து, அதிகாரி அதில் ஸ்கேலை வைத்து அளந்தார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி அளந்தார்.

"என்னம்மா, சந்து முப்பத்தாறு அடி அகலம் வருதே?"

தலைவர் நாற்காலியிலிருந்து குதித்தார். "அப்போ என் வீட்டு சோபா ரோட்டுலயா கிடக்கு? போர்ஜரி சார்! முத்திரையும் போலிதான்!"

தாளைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. தைக்கிற கோட்டுக்கு வெளியே, உள்ளே மடிக்க அரை அங்குலம் விட்டு வெட்டுக் கோடு போடுவது எங்கள் பழக்கம். கை தன் பாட்டுக்குச் சந்துக்கும் இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டிருந்தது. வீட்டில் நான் பேனா ஓட்டியது அந்த வெட்டுக் கோட்டின் மேல். சந்துக்குச் சட்டை தைத்திருக்கிறேன்!

வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் தலைவர் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பில் வெட்கம் பறந்துவிட்டது.

"தப்பு என் கையோடது சார், வரைபடத்தோடது இல்ல. உள்கோடு பென்சில்ல மங்கலா இருக்கு, பாருங்க. அசல் அஞ்சாவது மாடியில இருக்கு. எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கும். யாரு வேணாலும் போய்ப் பார்க்கலாம். இப்பவே வாங்க."

"வேலை கிடக்கும்மா..."

"எனக்குந்தான் கிடக்கு. நீங்க வராம நான் இங்கேர்ந்து எழுந்திரிக்க மாட்டேன்."

அதிகாரி எழுந்தார். வேறு வழியில்லாமல் தலைவரும் வந்தார்.

"வாங்க டைலரம்மா" என்று காவலாளி கதவைத் திறந்தார். அதிகாரியின் பேனாவும் தலைவரின் போனும் பெட்டிக்குள் போயின. நூலகர் அம்மா அசல் தாளை விரித்து, பிளாஸ்டிக் தாள் போட்டு, அதன் மேல் என் தாளை வைத்தார். மங்கலான பென்சில் கோடு பழைய கோட்டின் மேல் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அதிகாரி அளந்தார். பன்னிரண்டு அடி.

"இதெல்லாம் எவனோ கிறுக்கினது!" தலைவர் கத்தினார்.

நூலகர் அம்மா உதட்டில் விரலை வைத்தார். "சத்தம் போடாதீங்க சார். மத்தவங்களுக்கு நிம்மதி வேணாமா?"

அதிகாரி கோப்பைப் பிரித்துச் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். நான் என் பென்சிலை நீட்டினேன். 'பொதுப் பாதை. கேட்டுக்கு அனுமதி இல்லை' என்று எழுதினார்.

"ஆபீஸ் போனதும் இது மேல பேனாவால எழுதிக்கறேன்மா."

"எழுதுங்க சார். என்னை மாதிரி கோட்டுக்கு வெளியே போயிடாதீங்க" என்றேன். நூலகம்தான், இருந்தாலும் சத்தமாகத்தான் சொன்னேன்.