புல் தின்னாத முயல்

கூண்டின் அடித்தட்டை இழுத்துப் பார்த்த ஜெஸ்மிக்குத் திக்கென்றது. தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. தினமும் காலையில் சிரட்டை நிறைய அள்ளி ரோஜாச்செடிக்குப் போடுகிறவள் அவள். முயல் மூலையில் முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. காதைத் தொட்டால் குளிர்ந்திருந்தது. உள்ளே பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம் கேட்டது.

வீட்டுக்கு யார் வந்தாலும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் செல்வதாஸ் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விடுவதில்லை. "எங்க வீட்டு முயலு புல்லு தின்னாது" என்பது முதலாவது. "எங்க மருமவ எம்.எஸ்.சி. பாட்டனி. ஆனா ஜோலிக்குப் போவேண்டிய அவசியம் நமக்கில்ல" என்பது இரண்டாவது. சில நாள் வரிசை மாறும். வந்தவர் கூண்டைப் பார்ப்பார், பிறகு தேநீர்த் தட்டோடு நிற்கும் ஜெஸ்மியைப் பார்ப்பார், இரண்டுக்கும் ஒரேமாதிரி தலையசைப்பார். தோஹாவுக்குத் திரும்புவதற்கு முன் கணவன் ஆன்ஸ்லின் அவளுக்கென்று வாங்கிக்கொடுத்த முயல் அது. "உனக்கு ஒரு கூட்டுக்கு இருக்கட்டு" என்று துணைக்காகத்தான் கொடுத்தான். மாமனார் அதற்கு பிரின்ஸ் என்று பெயர் வைத்து, ஆலயத்து வாசல்போல வளைவு வைத்த அலுமினியக் கூண்டு செய்வித்து, முன்னறையில் தன் பாராட்டுக் கேடயங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அதிலிருந்து அதைக் கழுவித் துடைப்பது மட்டும்தான் அவளுடையது.

நேற்று வீட்டில் ஜெபக்கூட்டம். ஞாயிற்றுக்கிழமை சபைக் கமிட்டித் தேர்தல், செல்வதாஸ் செயலாளர் பதவிக்கு நிற்கிறார் என்பதற்கும் ஜெபத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவரே ஜெபத்தில் குறிப்பிட்டார். பிறகு அச்சப்பமும் முந்திரிக்கொத்தும் கேக்கும் சுற்றி வந்தன. விருந்து தின்கிற கையோடு ஒரு வாயில்லாச் சீவனைப் பார்த்துச் சும்மா நிற்பது மரியாதையில்லையே. கூண்டுக்கம்பி வழியாக ஒரு துண்டு நீட்டாமல் போனவர் யாருமில்லை.

"மாமா, பிரின்சு ராத்திரி முழுக்க ஒண்ணும் போவல்ல. வயிறு உப்பி இருக்கு."

"வாயுவா இருக்கும். கொஞ்சம் ஓமவாட்டரு குடு. எனக்கே அப்பிடித்தான் இருக்கு" என்றார் அவர், நாளிதழை இறக்காமல்.

"நீங்க தின்ன முந்திரிக்கொத்துக்கு ஓமக்கடலையே குடிச்சாலும் தீராது" என்று அடுக்களையிலிருந்து மாமியார் சத்தியபாயின் குரல் வந்தது.

"மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போவட்டா மாமா?"

நாளிதழ் இறங்கியது. "இந்த வாரத்திலயா? நம்ம முயலுக்கு தீனம்னு வெளிய தெரிஞ்சா எதிர்க் கோஷ்டிக்காரனுவளுக்கு அது போதும். ஒரு முயலப் பாக்கத் தெரியாதவன் சபைய எப்பிடிப் பாப்பான்னு கேப்பானுவ."

ஆனால் தேர்தலுக்கு முன் செத்துப்போனால் இன்னும் மோசம் என்பது அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். துணிக்கடைப் பையில் வைத்து, மேலே துண்டு போட்டு, ஆட்டோவை வாசலுக்கே வரவழைத்துப் போகும்படி உத்தரவானது. தலைமையாசிரியர் மாடுகளோடு வரிசையில் நிற்க முடியாது ஆகையால் ஜெஸ்மி தனியாகவே போகலாம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் தனியாக ஆட்டோ ஏறியது அன்றுதான். திருவட்டாறு சாலையில் காற்று முகத்தில் அடித்தபோது, மடியில் ஒரு சீவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, தனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வருகிறதே என்று வெட்கப்பட்டாள்.

டாக்டர் ரெஜிஷா முயலின் அடிவயிற்றில் விரலை வைத்து மெல்ல அழுத்தினார். பிசைந்த மாவுபோல விரல் பதிந்தது.

"என்னெல்லாம் குடுப்பிய?"

ஜெஸ்மி சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. பிரெட், பழம், பிஸ்கட், அச்சப்பம், கேக்.

"அப்ப கல்யாணப் பந்திதான். புல்லு?"

"தின்னாது டாக்டர்."

"யாரு சொன்னது, முயலா?"

பக்கத்தில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. தோலுக்கடியில் மருந்துநீர் ஏற்றினார், வலிக்கு ஒரு ஊசி போட்டார், வயிற்றைத் தடவிவிடும் விதத்தைக் காட்டினார். "இதுக்குக் குடல் நிக்கப்பிடாது, கேட்டியா மக்கா. நாரு உள்ள போய்க்கிட்டே இருந்தாத்தான் ஓடும். நின்னா கெடக்கது புளிச்சு ஊதும், பொறவு உசிரு போயிரும். புல்லு குடு, காஞ்சதும் குடு. இண்ணைக்கு இருட்டதுக்குள்ள ஏதாவது தின்னணும், ஏதாவது வெளிய வரணும். கேக்கக் கண்ணுல காட்டாண்டாம். பகல்ல கொஞ்சம் திறந்தும் விடு. கூட்டுக்குள்ளயே இருந்தா யாருக்க குடலும் ஓடாது."

கடைசி வாக்கியத்தை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று ஜெஸ்மி வழியிலேயே முடிவுசெய்தாள்.

"புல்லா?" என்றார் செல்வதாஸ், கெட்டவார்த்தை காதில் விழுந்ததுபோல. "ஹெட்மாஸ்டருக்க மருமவ சானல் கரையில அரிவாளும் கொண்டு குனிஞ்சு நின்னா பாக்கவன் என்ன சொல்லுவான்? சாரு வீட்டில பசு வாங்கியாச்சான்னு கேப்பான்." பிறகு செல்பேசியில் தேடி, சீமை முயல் படம்போட்ட காய்ந்த புல் பாக்கெட் ஒன்றுக்கு உடனே சொல்லிவிட்டார். வெளியே விளைகிற அதே சாமான்தான். ஆனால் இது கூரியரில் வருகிறது, ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. வர அடுத்த வாரமாகும்.

ஜெஸ்மி மாடியில் நின்று ஆன்ஸ்லினைக் கூப்பிட்டாள். "அப்பா சொல்லுதத கேளு ஜெஸ்மி. பாக்கெட்டு வந்துரும்" என்றான். அவள் கீழே சானல் கரைப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூட்டிப்போகும் விசாவைப் பற்றித்தான் மௌனம் என்று நினைத்துக்கொண்டு, "அதும் வந்துரும்" என்றான்.

சாயங்காலம் சபையைச் சேர்ந்த ததேயுஸ் வந்தார். மகன்கள், மருமகன்கள், கொழுந்தியா வீடுகள் என்று ஒரு தெரு ஓட்டு அவர் சட்டைப்பையில் இருந்தது. நேற்று மிஞ்சிய அச்சப்பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே கூண்டுக்குப் போனார்.

"வாடே பிரின்சு." முயல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "என்ன சாரே, நம்ம கையில வாங்க மாட்டேங்குது? எதிர்க் கோஷ்டியில சேந்தாச்சா?"

வேடிக்கைதான். என்றாலும் அறையில் ஒரு தெரு ஓட்டு ஆடியது. "அவனுக்கு வெக்கம்" என்று செல்வதாஸ் சிரித்தார். கூண்டைத் திறந்து, முயலின் தாடையை இரண்டு விரலால் பிடித்து, ததேயுஸ் கையிலிருந்த அச்சப்பத்தை வாங்கி அதன் வாயருகே கொண்டுபோனார்.

ஜெஸ்மி தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள். "மாமா, அதத் தின்னா செத்துப்போவும்."

விருந்தாளி முன்னால் அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் முழு வாக்கியம் அது. யாரும் பதில் சொல்வதற்குள் முயலை வாங்கி ஷாலில் சுற்றிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். சத்தியபாய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அரிவாளை மருமகள் எடுப்பதைப் பார்த்தாள்.

"ஏட்டி, ரப்பர் தோட்டத்துப் பக்கம் களைக்கு மருந்தடிச்சிருக்கு. சானல் பக்கம் அறு" என்றாள், மீனைப் பார்த்தபடியே.

பின்வாசல் இருந்தும் ஜெஸ்மி முன்வாசல் வழியாகவே போனாள்.

வீட்டுக்கு எதிரே பாசனச் சானலில் தண்ணீர் நிறைந்து ஓடியது. கரையில் ஷாலை விரித்து முயலை இறக்கினாள். அது அசையவில்லை. அருகம்புல்லைக் கொத்தாக அறுத்து மூக்கருகே வைத்தாள். மோந்தது, சும்மா இருந்தது. டாக்டர் காட்டியபடி வயிற்றை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தாள். வெயில் தென்னைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. தின்னு மக்கா, எனக்காகத் தின்னு என்று சொல்ல வந்து, அதற்கும் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டாள். எவ்வளவு நேரமோ. ஒரு புல்லின் நுனி அதன் உதட்டுக்குள் நுழைந்தது. உள்ளே யாரோ இழுப்பதுபோல அந்தப் புல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி மறைந்தது. பிறகு இன்னொன்று. புல் தின்னாத முயல் புல் தின்றது.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஷாலில் ஒன்று விழுந்தது. சிறியது, கறுப்பு, கல்போலக் கெட்டி. ஜெஸ்மி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் போட்ட கல்லுக்கம்மலைக்கூட அவள் இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்ததில்லை.

அப்போது வீட்டு வாசலிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது. பின்வரிசை மாணவனுக்கும் எட்டிப் பழகிய குரல்.

"அங்க பாத்தீரா ததேயுசே! எங்க முயலு கடைச் சாமான் தொடாது. அப்பப்ப அறுத்த புல்லு. அதும் யாரு? எம்.எஸ்.சி. பாட்டனி! எந்தப் புல்லுல என்ன சத்துன்னு பாத்துப் பாத்து அறுப்பா. தினமும் இப்பிடித்தான்."

"கொடுத்துவச்ச முயலு சாரே."

"ஜெஸ்மி மக்கா, போதும். இருட்டுது, ரெண்டு பேரும் கேறி வாங்க!"

ஜெஸ்மி அரிவாளை எடுத்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காலடியில் இருந்த புல் தீர்ந்திருந்தது. முயலைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போய் அடுத்த கைப்பிடியை அறுத்தாள். அதற்கடுத்ததை இன்னும் கொஞ்சம் தள்ளி. சானல் கரை வாழைத்தோட்டத்தைச் சுற்றி பஸ் போகும் சாலைவரை நீண்டு கிடந்தது, வழியெல்லாம் புல். வாசலிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். கக்கத்தில் இருந்த முயலின் ஒரு காது மட்டும் சத்தம் வந்த பக்கம் திரும்பியது. தாடை நிற்காமல் அரைத்துக்கொண்டே இருந்தது.